பனிச்சங்காயும் ட்ரிப் சுவிட்சும்

கிணற்றடியில் தண்ணீர் மோட்டரின் வால்வைத் திருகப் போன பெரியம்மா கையை வெடுக்கென்று இழுத்து உதறினார். "சுள்ளெண்டுது மனே. மாரி வந்தா இது இப்பிடித்தான்" என்றார். மாரி வந்தால் தவளை கத்தும் என்று சொல்கிற அதே சாவதானமான குரல். காலில் செருப்பில்லை. கீழே ஈர மணல். டெஸ்டரை எடுத்து மோட்டரின் இரும்பு உடம்பில் வைத்தேன். அதற்குள் இருந்த சின்ன நியோன் குமிழ் செம்மஞ்சளாக ஒளிர்ந்தது.

வீடு பனிச்சங்கேணியில். மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் ஏ15 வீதி, வாகரைக்கு முன்னால் களப்பைக் கடக்கிற பாலத்தடி. ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல், நடுவில் மணல். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எழுந்த வீடுகளில் அதுவும் ஒன்று. இருபது வயது வீட்டைக் கொழும்பில் யாரும் பழைய வீடு என்று சொல்லமாட்டார்கள். ஆனால் கடலோர வீட்டின் வயரிங்குக்கு வயதை ஆண்டில் கணக்கிட்டால் போதாது; அது குடித்த உப்பையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

"ஏன் பெரியம்மா, ட்ரிப் சுவிட்ச் விழேல்லையா?"

"அது மழைக்கு மழை விழுந்து கரைச்சல் தந்தது. போன வருசம் வயர் வேலை செய்ற தம்பி வந்து டிரெக்ட் குடுத்திட்டுப் போனான். பிறகு ஒரு கரைச்சலும் இல்ல."

மெயின் பெட்டியைப் பார்த்தேன். ட்ரிப் சுவிட்ச் தன் இடத்தில் அழகாக உட்கார்ந்திருந்தது. வயர்கள் மட்டும் அதைச் சுற்றிக்கொண்டு போயிருந்தன. நாய் குரைத்துத் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று வாயைக் கட்டிவிட்டிருக்கிறார்கள். நாய் எதைப் பார்த்துக் குரைத்தது என்று யாரும் கேட்கவில்லை.

செம்பில் ஏறிய களிம்பு

வாடைக்காற்று நேராக வந்து மோதும் வடகிழக்குச் சுவரில் ஒரு பிளக் பேஸ் இருந்தது. மெயினை நிறுத்தி அதைக் கழற்றினோம். திருகாணிகள் துருவில் ஊதிப்போய், ஒன்று தலையோடு முறிந்தது. உள்ளே இரும்புப் பெட்டி பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. பல்லி முட்டை ஓடு இரண்டு. வயரின் நுனியில் செம்பு நிறமே இல்லை; பச்சைப் பூச்சாக இருந்தது.

அந்தப் பச்சைதான் களிம்பு. உயிரோடு ஒட்டியே இருக்கும் ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தம் சொல்லும் உவமை அது. சித்தாந்தத்தில் களிம்பு செம்போடு கூடப் பிறந்தது. மின்கம்பியில் அது காற்றில் வருகிறது.

அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று தூக்கிக்கொண்டு வரும். துளி காய்ந்தாலும் உப்பு தங்கிவிடும். அடுக்களையில் உப்புச் சாடி மாரிக்கு நீர் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். சுத்தமான சோடியம் குளோரைட்டு, காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கரைந்து நீராகும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டுக்கோ 33 சதவீதமே போதும். களப்போரக் காற்றின் ஈரம் அதற்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே சுவிட்சுக்குள் படிந்த உப்புப் படலம் கச்சான் காற்று வீசும் கோடையிலும் முழுதாகக் காய்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஈரமாகவே இருந்துகொண்டு, குளோரைட்டு அயன்களால் செம்பை அரித்துக்கொண்டிருக்கும். செம்பும் அலுமினியமும் முறுக்கிக் கட்டிய மூட்டு என்றால் இன்னும் மோசம். உப்புநீர் நடுவில் நிற்க, இரண்டு உலோகமும் சேர்ந்து ஒரு சிறு மின்கலமாகி, அலுமினியம் கரையத் தொடங்கும்.

இதனால் இரண்டு கேடு. கடத்த வேண்டிய செம்பு கடத்த மறுக்கிறது. மறிக்க வேண்டிய பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு, உப்பீரம் பட்டுக் கடத்தத் தொடங்குகிறது. பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் படித்த கடத்தியும் காவலியும் இங்கே வேலையை மாற்றிக்கொள்கின்றன. முதலாவது தீயைக் கொண்டுவரும். இரண்டாவது உயிரை எடுக்கும்.

கடத்த மறுக்கும் மூட்டு

எங்கள் பேச்சில் "ஓம்" என்றால் ஆமாம். மின்சாரத்தில் ஓம் என்பது தடையின் அளவு. நல்ல மூட்டில் அது ஓர் ஓமின் ஆயிரத்தில் சில பங்குதான். களிம்பேறித் தளர்ந்த மூட்டில் அரை ஓமுக்கு ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

2,000 வாற்று கேத்தல் ஒன்றைச் செருகினால், 230 வோல்ட்டில் 8.7 அம்பியர் ஓடும். மூட்டில் பிறக்கும் சூடு, மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கிய அளவு: ஏறத்தாழ 38 வாற்று. பற்றவைக்கும் சோல்டரிங் அயனின் சூடு அது. அந்தச் சூடு தீப்பெட்டியளவு இடத்துக்குள், காற்றோட்டமில்லாமல், பிவிசி உறைக்குப் பக்கத்தில் பிறக்கிறது. சாதாரண பிவிசி வயர் தாங்கக்கூடிய வெப்பம் 70 பாகை செல்சியஸ். சூட்டில் செம்பு மேலும் ஒட்சைட்டு ஆகும். ஒட்சைட்டு ஏற ஏறத் தடை கூடும். தடை கூடச் சூடு கூடும். கடைசியில் மூட்டு தணல்போலச் செந்நிறமாக ஒளிரவும் கூடும்.

இந்த நேரமெல்லாம் பியூஸ் என்ன செய்கிறது? ஒன்றுமே செய்யாது. சுற்றுடைப்பானும் அப்படித்தான். ஓடுவது அதே 8.7 அம்பியர்தான்; அவை எண்ணுவது மின்னோட்டத்தை, சூட்டையல்ல. ட்ரிப் சுவிட்சும் பேசாமல் இருக்கும். போன கரண்ட் முழுதும் திரும்பி வந்துகொண்டுதானே இருக்கிறது. மெயின் பெட்டியின் மூன்று காவலர்களுக்கும் தெரியாமல் வீடு பற்றக்கூடிய வழிகளில் இது ஒன்று; இதைக் கண்டுபிடிக்க மனிதனின் மூக்கும் கையும் கண்ணுமே வேண்டும். பிளக்கைக் கழற்றியதும் அதன் பித்தளை முனை கைக்குச் சுடுகிறதா? பிளக் பேஸின் வெள்ளை முகத்தில் தேயிலைக்கறை போல ஒரு பழுப்பு தெரிகிறதா? ஃபிரிட்ஜ் உயிர்க்கும்போது அறை விளக்கு மட்டும் சிமிட்டுகிறதா? சுவிட்சுகளும் பிளக் பேஸ்களும் செய்யப்படும் சில பிளாஸ்டிக்குகள் சூடேறும்போது மீன்வாடை வீசும் என்பதும் உண்மை. மீனவக் கிராமத்தில் அந்த எச்சரிக்கையை யார் கவனிப்பார்கள்?

வயரின் கதையும் இதோடு சேர்ந்தது. இருபது வருடத்துக்கு முன் இந்த வீட்டுக்கு வயர் இழுத்தவர் நான்கு குமிழையும் ஒரு ரேடியோவையும் மனதில் வைத்து இழுத்தார். இப்போது ஃபிரிட்ஜ், ரைஸ் குக்கர், கிரைண்டர், அயன், மோட்டர். மேலே தகரக் கூரை. கச்சான் வீசும் ஆடி மதியத்தில், கூரைக்கும் சீலிங்குக்கும் இடையே அடைபட்ட காற்று 50, 60 பாகைக்கு ஏறும். நிழலில் 20 அம்பியர் தாங்கும் பிவிசி வயர் 50 பாகையில் 14 அம்பியருக்கு மேல் தாங்காது. 60 பாகையில் சரிபாதி, 10 தான். கடையில் வயர் வாங்கும்போது கேட்கவேண்டியது இந்தக் கணக்கு. பிளக் பேஸ்களுக்கு 7/0.67, அதாவது 0.67 மில்லிமீற்றர் கம்பி ஏழை முறுக்கிய, 2.5 சதுர மில்லிமீற்றர் வயர். விளக்குக்கு இழுத்த 1/1.13 வயரில் கேத்தலைத் தொங்கவிடக் கூடாது. சுற்றுடைப்பான் காப்பாற்றுவது வயரை. அடிக்கடி விழுகிறது என்று 16க்குப் பதில் 32 அம்பியரைப் போட்டால், சுற்றுடைப்பானைக் காப்பாற்ற வயர் உருகும்.

எண்ணிப் பார்க்கும் கணக்குப்பிள்ளை

ட்ரிப் சுவிட்ச் என்று நாம் சொல்வதற்குப் பாடப்புத்தகப் பெயர் மீதி மின்னோட்டச் சுற்றுடைப்பான். "மீதி" என்ற சொல்லில் அதன் வேலை முழுதும் இருக்கிறது. உயிர்க்கம்பியும் நொதுமல் கம்பியும் அதற்குள் ஒரே இரும்பு வளையத்தின் ஊடே போகின்றன. போகிற கரண்ட் உண்டாக்கும் காந்தப்புலத்தை, திரும்பி வரும் கரண்ட் சரியாக அழித்துவிடும். இரண்டும் சமமென்றால் வளையத்தில் காந்தமே இல்லை. போனது எட்டு, வந்தது எட்டுக்குச் சற்றுக் குறைவு என்றால் மீதி எங்கோ வேறு வழியில் மண்ணுக்குப் போயிருக்கிறது. ஈரச்சுவர் வழியாகவும் போயிருக்கலாம். ஒரு பிள்ளையின் உடம்பு வழியாகவும் போயிருக்கலாம். யார் என்று அது விசாரிப்பதில்லை. சுற்றை அறுத்துவிடும்.

எவ்வளவு மீதி வந்தால் அறுப்பது? இதற்குப் பின்னால் மனிதர்களைக் கொண்டே செய்த ஆராய்ச்சி இருக்கிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகப் பேராசிரியர் சார்ள்ஸ் டால்சியல், தொண்டர்களின் கையில் கம்பியைக் கொடுத்து, கரண்டை மெல்ல மெல்லக் கூட்டி, எந்த அளவில் அவர்களால் கையை விடமுடியாமல் போகிறது என்று அளந்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லியம்பியர், பெண்களுக்கு 10.5. "கரண்ட் பிடிச்சு வைச்சிட்டுது" என்று நாம் சொல்வோம். உண்மையில் பிடிப்பது நம் கைதான். விரலை மடக்கும் தசை, விரிக்கும் தசையைவிட வலுவானது; கரண்ட் இரண்டையும் ஒன்றாக முறுக்கும்போது மடக்குவது வெல்கிறது. மனிதனைக் காக்கும் உணர்வுள்ள துண்டிப்பான் ஒன்றை டால்சியல் 1961இல் உருவாக்கினார்.

வீட்டுக்கு வேண்டியது 30 மில்லியம்பியர் ட்ரிப். 0.03 அம்பியர் என்று முகத்தில் அச்சிட்டிருக்கும். இதயத் துடிப்பைக் குழப்பக் கரண்டின் அளவு மட்டும் போதாது, அது ஓடும் நேரமும் வேண்டும். 30 மில்லியம்பியர் மீதிக்கு 0.3 செக்கனுக்குள்ளும், 150க்கு 0.04 செக்கனுக்குள்ளும் ட்ரிப் விழவேண்டும் என்பது தரம். ஈரக்கையும் வெறுங்காலுமாக நிற்பவரின் உடல் தடையை ஆயிரம் ஓம் என்று கொண்டால், 230 வோல்ட் அவர் ஊடாக 230 மில்லியம்பியரை ஓடவிடும். ட்ரிப் இருந்தால் கண்ணிமைக்கும் முன் அது நின்றுவிடும். இல்லாவிட்டால் அதை நிறுத்த எதுவும் இல்லை. 16 அம்பியர் சுற்றுடைப்பானுக்கு 0.23 அம்பியர் ஒரு கொசுக்கடி. சில பழைய வீடுகளில் 100 அல்லது 300 மில்லியம்பியர் ட்ரிப் இருக்கும். அது தீக்குக் காவல். மனிதனுக்கு அதை நம்ப முடியாது.

மணலும் கேணியும்

பெரியம்மா வீட்டு எர்த் கம்பியைத் தேடினோம். மெயின் பெட்டியிலிருந்து வந்த பச்சை வயர், குளியலறைக் குழாயில் கட்டப்பட்டிருந்தது. ஒரு காலத்தில் அது மண்ணுக்குள் போன நாகமுலாம் இரும்புக் குழாய். பிறகு துருவேறியதென்று பிவிசி குழாய் போட்டார்கள். எர்த் அன்றைக்கே அறுந்தது. வயர் அறுந்த மாதிரித் தெரியவில்லை, அவ்வளவுதான்.

எர்த் என்பது ஒரு வழி. மோட்டரின் சுருளில் காவலி கெட்டு, இரும்புக் கூட்டுக்குக் கரண்ட் வந்துவிட்டால், அது எப்படியும் மண்ணின் ஊடாக வீதியோர நிலைமாற்றியின் நொதுமலுக்குத் திரும்பப் பார்க்கும். நாம் ஒரு செம்புவழி கொடுக்காவிட்டால், தொடுகிறவரை வழியாக்கிக்கொள்ளும். எர்த் இல்லாத வீட்டிலும் ட்ரிப் வேலை செய்யும். ஆனால் ஒரு மனிதன் தொட்ட பிறகுதான் செய்யும். எர்த் இருந்தால் பழுது வந்த நொடியே, யாரும் தொடுமுன், ட்ரிப் விழும்.

எர்த் கோலை எங்கே அறைகிறோம் என்பதில்தான் இந்த ஊருக்கென்றே ஒரு கணக்கு இருக்கிறது. ஒன்றரை மீற்றர் கோலின் தடை, மண்ணின் தடைத்திறனில் ஏறத்தாழ பத்தில் ஆறு பங்கு. காய்ந்த கடல் மணலின் தடைத்திறன் ஆயிரம் ஓம் மீற்றரும் இருக்கும். கோலின் தடை 600 ஓம் ஆகிவிடும். உவர்நீர் ஊறிய மணலில் அது பத்து, இருபதுக்கு இறங்கும். அப்போது கோலின் தடை 6 முதல் 12 ஓம். ஒரே வளவு, ஒரே கோல். நுனி நீரைத் தொட்டதா இல்லையா என்பதில் நூறு மடங்கு வித்தியாசம். மாரியில் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் கிணற்று நீர், கோடையில் இறங்கிவிடும். ஜனவரியில் அளந்து "நல்ல எர்த்" என்று சொன்னது ஆகஸ்டில் பொய்யாகலாம். அளப்பதென்றால் கச்சான் காலத்தில் அளக்க வேண்டும். கோல் கோடை நீர்மட்டத்துக்கும் கீழே போகவேண்டும். எட்டாவிட்டால் இன்னொரு கோலைச் சற்றுத் தள்ளி அறைந்து இரண்டையும் இணைக்கலாம்.

600 ஓம் எர்த்தில் பழுது வந்தால் ஓடுவது 0.38 அம்பியர்தான். எந்தச் சுற்றுடைப்பானும் அசையாது. மோட்டரின் கூடு முழு 230 வோல்ட்டுக்கு அருகில் நின்றுகொண்டே இருக்கும். அதே 600 ஓமோடு 30 மில்லியம்பியர் ட்ரிப் இருந்தால், கூடு 18 வோல்ட்டைத் தாண்டுமுன்பே எல்லாம் நின்றுவிடும். மணற்பாங்கான ஊரில் எர்த்தும் ட்ரிப்பும் ஒன்றில்லாமல் ஒன்று முழுதாக உதவாது. பெரியம்மா வீட்டில் இரண்டும் இல்லை. அவர் உயிரோடிருந்தது மோட்டரின் சுருள் இன்னும் அரைகுறையாகக் காவல் காத்ததால்தான். "சுள்" என்றது ஓரிரு மில்லியம்பியர். அடுத்த மாரி அதைப் பத்தாக்கியிருக்கலாம்.

மழை இரவில் ட்ரிப் விழுந்தால்

30 என்று எழுதியிருக்கும் ட்ரிப் 15 வரை விழக் கூடாது, 30இல் கட்டாயம் விழவேண்டும். பெரும்பாலும் இருபதை ஒட்டியே விழும். அதனால் வீட்டின் சின்னச்சின்னக் கசிவெல்லாம் சேர்ந்தே அதைத் தள்ளிவிடும். வடகிழக்குச் சுவர்ப் பிளக் பேஸில் ஐந்து, முற்றத்து விளக்கு ஹோல்டரில் ஆறு, மோட்டரில் எட்டு. தனித்தனியே எதுவும் பெரிதில்லை. மழை இரவில் மூன்றும் கூடினால் வீடு இருளும். ட்ரிப் கெட்டுப்போனது என்று நினைப்போம். கெட்டது அது அல்ல.

தேடும் முறை எளிது. எல்லாச் சுற்றுடைப்பான்களையும் கீழே இறக்கி, ட்ரிப்பை மேலே தள்ளுங்கள். நின்றால், ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்தச் சுற்றில் கசிவு. அந்தச் சுற்றின் பிளக்குகளை எல்லாம் கழற்றிவிட்டு, திரும்ப ஒன்றொன்றாகச் செருகினால் குற்றவாளி தெரிந்துவிடும். எல்லாம் கீழே இருக்கும்போதே ட்ரிப் விழுந்தால், அநேகமாக நொதுமல் கம்பி எங்கோ எர்த்தோடு ஒட்டியிருக்கிறது. சாதாரண வீட்டுச் சுற்றுடைப்பான் உயிர்க்கம்பியை மட்டுமே அறுக்கும் என்பதால் அந்தப் பழுது அப்படியே ட்ரிப்புக்குத் தெரிந்துகொண்டிருக்கும். அது வயர்காரர் மெகர் என்ற அளவுகருவி கொண்டு பார்க்கவேண்டிய வேலை. 500 வோல்ட் கொடுத்து அளக்கும்போது காவலித் தடை ஒரு மெகா ஓமுக்குக் கீழே இருந்தால், அந்தச் சுற்று இன்னொரு மாரியைத் தாங்காது.

பெரியம்மா வீட்டில் இரண்டு கசிவு. ஒன்று, மோட்டரின் இணைப்புப் பெட்டிக்குள் மழைத்தண்ணீர். வயர் மேலிருந்து பெட்டிக்குள் இறங்கியதால், மழை அதன் வழியே உள்ளே நடந்து வந்திருந்தது. வயரை ஒரு வளைவு தாழ்த்தி, கீழிருந்து பெட்டிக்குள் ஏற்றினால் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். செலவு ஒரு முழ வயர். மற்றது, களிம்பேறிய அந்த வடகிழக்குப் பிளக் பேஸ்.

எதை முதலில் மாற்றுவது

கையில் இருக்கும் காசுக்கு ஏற்ப ஒரு வரிசை சொல்லலாம். முதலில் 30 மில்லியம்பியர் ட்ரிப். இரண்டாவது, மண்ணில் அறைந்த எர்த் கோலும், அதிலிருந்து எல்லாப் பிளக் பேஸுக்கும் மோட்டருக்கும் போகும் எர்த் வயரும். கோலும் வயரும் சேரும் இடத்தை மண்ணில் புதைத்து மறந்துவிடாமல், மூடி போட்ட சிறு குழிக்குள் வைத்தால் ஆண்டுக்கொருமுறை பார்க்கலாம். செம்பு பூசிய கோலில் பூச்சு மெல்லிதென்றால் அறையும்போதே உரிந்து, உள்ளிருக்கும் இரும்பை உவர்நீர் தின்றுவிடும்.

மூன்றாவது, மூட்டுகள். களிம்பேறிய நுனியைத் துடைத்தால் போதாது. பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டிவிட்டு, புதிதாக உரித்து இறுக்க வேண்டும். இரும்புப் பெட்டிகளுக்குப் பதில் பிளாஸ்டிக் பெட்டி, துருப்பிடிக்காத உருக்கு அல்லது பித்தளைத் திருகாணி, வெளியே மழைபடும் இடத்தில் ரப்பர் விளிம்புள்ள நீர்புகா மூடி. முடிந்தால் வாடைக்காற்று மோதும் சுவரில் பிளக் பேஸே வேண்டாம், உட்சுவருக்கு மாற்றிவிடலாம். நான்காவது, அடுக்களைக்கும் மோட்டருக்கும் தனித்தனிச் சுற்று. ஐந்தாவது, ஒரு ட்ரிப்புக்கு இரண்டு. கிணற்றடியும் வெளிவிளக்கும் ஒன்றில், வீட்டின் உட்புறம் மற்றதில். மழைக்கு வெளிப்புறம் விழுந்தாலும் ஃபிரிட்ஜில் வைத்த மீன் கெடாது. ட்ரிப்பை டிரெக்ட் பண்ணச் சொல்லும் ஆசையும் வராது.

இன்னொன்று. நம் வீடுகளில் சதுரத் துளைப் பிளக் பேஸில் வட்ட முனைப் பிளக்கைச் செருக, மேல் துளைக்குள் பேனா மூடியை விட்டுத் திறப்பது வழக்கம். அந்தத் துளை எர்த்துக்கானது. கீழ்த் துளைகளின் கதவு எர்த் முனை நுழைந்த பிறகே திறக்கும்படி செய்தது, சின்னப் பிள்ளைகளின் விரலும் கம்பியும் போகாதிருக்கத்தான். பேனாவால் திறந்தால் கதவும் போச்சு, எர்த்தும் போச்சு, பிளக்குக்குள் இருக்கவேண்டிய பியூஸும் போச்சு. இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு 13 அம்பியர் சதுர முனைப் பிளக்கையே நாட்டின் ஒரே தரமாக வகுத்ததற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம். பழைய பொருளுக்கு முறையாகப் பிளக்கை மாற்றிவிடுவது பத்து நிமிட வேலை.

இவற்றில் வீட்டுக்காரர் செய்யக்கூடியது பார்ப்பது, மோப்பம் பிடிப்பது, பொத்தானை அழுத்துவது. மற்றதெல்லாம் தொழிற்சான்றிதழுள்ள வயர்காரரின் வேலை. வேலை முடிந்தபின் அவரிடம் கேட்க இரண்டு கேள்வி போதும்: எர்த் எத்தனை ஓம்? காவலி எத்தனை மெகா ஓம்? எண் சொல்லத் தெரியாதவர் அளக்கவில்லை என்று அர்த்தம்.

வெள்ளமும் இடியும் ஜெனரேட்டரும்

1978 நவம்பர் 23 சூறாவளியையும் 2011 ஜனவரி வெள்ளத்தையும் பார்த்த மாவட்டம் இது. வெள்ளம் வாசலுக்கு வருமுன் மெயினை இறக்க வேண்டும். தண்ணீரில் நின்றுகொண்டு இறக்கக் கூடாது. நனைந்த பிளக் பேஸ் வெயிலில் காய்ந்துவிடும். உப்பும் சேறும் உள்ளேயே இருக்கும். மூழ்கிய சுற்றுடைப்பானையும் ட்ரிப்பையும் காயவைத்துப் பயன்படுத்தக் கூடாது, மாற்றவே வேண்டும். புது வயரிங் செய்வதென்றால், சுவரில் பழைய வெள்ளக் கோடு எங்கே என்று பார்த்து அதற்கு மேலே பிளக் பேஸை வைக்கலாம்.

சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி கூடும். தூரத்தில் முழங்கும்போதே டிவி, ரவுட்டர் பிளக்குகளைக் கழற்றுவதைவிட நல்ல காப்பில்லை. மின்னல் எழுச்சித் தடுப்பான் போட்டாலும், நல்ல எர்த் இல்லாமல் அது வெறும் பெட்டி.

2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் கரண்ட் இல்லாதிருந்தபோது பலர் ஜெனரேட்டர் பற்றி யோசித்தோம். அதை இருமுனையும் பிளக் வைத்த வயரால் வீட்டுப் பிளக் பேஸில் செருகுவது கொலை. அந்தக் கரண்ட் வீட்டைத் தாண்டி வெளியே போகும்; 33,000 வோல்ட்டை இறக்கித் தரும் அதே நிலைமாற்றி, தலைகீழாக வேலை செய்து அதை மறுபடி உயர்த்தும். கம்பத்தில் நிற்கும் மின்சார சபை ஊழியர், கரண்ட் இல்லை என்று நம்பிக் கை வைப்பார். மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டர் வேண்டாம். அறுந்து விழுந்த கம்பியைக் கண்டால் கிட்டப் போகாமல் 1987ஐ அழையுங்கள்.

வலையைப் போல

அன்று மாலைக்குள் பெரியம்மா வீட்டுக்குப் புது ட்ரிப்பும் எர்த் கோலும் வந்துவிட்டன. ட்ரிப்பில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் உள்ளேயுள்ள ஒரு தடை வழியே வேண்டுமென்றே கணக்கு பிசகும், ட்ரிப் விழவேண்டும். உப்புக் காற்றில் உள்ளே இருக்கும் பொறி அசையாமல் கிடந்தால் இறுகிப்போகும். ஆபத்து நேரத்தில் நகராது. மாதம் ஒருமுறை விழவைத்தால் அது உயிரோடிருக்கும். எர்த் நல்லதா என்று பொத்தான் சொல்லாது, ட்ரிப் நல்லதா என்று மட்டுமே சொல்லும்.

"மாதம் எண்டா எந்தத் திகதி?" என்று கேட்டார் பெரியம்மா.

"பூரணைக்குப் பூரணை அழுத்துங்க."

அவர் சிரித்தார். "அப்ப இதுவும் வலை மாதிரித்தான்."

பனிச்சங்கேணி என்ற பெயரைப் பிரித்தால் பனிச்சையும் கேணியும் வரும். பனிச்சங்காயின் துவர்ப்புச் சாற்றில் நூல்வலையைத் தோய்த்துக் காயவைத்தால், உப்புநீரில் வலை இற்றுப்போகாது. தோணிப் பலகையின் மூட்டை அடைக்கவும் அதன் பிசின் உதவியது. ஒருமுறை தோய்த்துவிட்டால் காலமெல்லாம் போதும் என்று யாரும் நினைத்ததில்லை. சாயம் வெளுத்தால் திரும்பத் தோய்த்தார்கள். நைலோன் வந்தபின் அந்த வேலை இல்லாமல் போனது. வயரிங்கை நாம் சுவரைப்போல நினைக்கிறோம், ஒருமுறை கட்டினால் முடிந்தது என்று. கடலோரத்தில் அது வலை.

அடுத்த பூரணையன்று தொலைபேசி வந்தது. "அழுத்தினன். விழுந்திட்டுது" என்றார் பெரியம்மா. கொஞ்சம் இடைவெளி விட்டுக் கேட்டார்: "இனித் தூக்கலாந்தானே?"

"ஓம்" என்றேன்.